ஆறாவது ஆள்

கண்டக்டர் வேலையை விட்டு ஒன்பது வருடமாகிவிட்டது. ஆனாலும் தெருவில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. மனைவிகூட அக்கம்பக்கத்தில் பேசும்போது "எங்க கண்டக்டர்" என்றுதான் சொல்வாள். முப்பத்தோரு வருடம் ஒரே வழித்தடத்தில் பின்வாசல் படியில் நின்று வேலை பார்த்தவர். முன்னால் போகும் லாரியின் புகை, பின்னால் வரும் லாரியின் புகை, சொந்தச் செலவில் வாங்கிப் பற்றவைத்த புகை என்று எதையும் பாகுபாடு பார்க்காமல் உள்ளே இழுத்தவர். புகையும் நன்றி மறக்கவில்லை. நுரையீரலில் குடியேறிவிட்டது. காலி செய்யச் சொன்னால் மறுக்கிறது.

அந்த முப்பத்தோரு வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட தொழில் தர்மம் ஒன்றே ஒன்றுதான்: பயணியிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. எள் விழ இடமில்லாத வண்டியில், "உள்ள போங்க, நடுவுல காலியா இருக்கு" என்பார். டயர் வெடித்தால், "அஞ்சே நிமிஷம்." பிரேக்கிலிருந்து கருகல் வாசம் வந்தபோது, "வெளியில எவனோ குப்பை எரிக்கிறான், ஜன்னலச் சாத்துங்க." ஒருமுறை வண்டி நடுவழியில் உயிரை விட்டு, ஐம்பது பேரும் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தபோதுகூட, "இந்த வேகத்துல போனா வழக்கத்த விட முன்னாடியே போயிடலாம்" என்று தைரியம் சொன்னவர்.

பென்ஷன் வாங்கிய பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டி, அதில் ஓடும் எண்ணைப் பார்த்து டாக்டர் முகம் சுளித்தால், "நான் நல்லாத்தான் இருக்கேன் சார், உங்க மிஷினுக்கு என்னன்னு பாருங்க" என்பார். எப்படி இருக்கீங்க என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்!"

அவர் வேலை பார்த்த வண்டியில் அப்படி ஒரு வகுப்பே இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

உண்மை நிலவரம் இது. வீடு இரண்டாவது மாடியில். படிகள் முப்பத்தெட்டு. இரண்டு வருடத்துக்கு முன்பிருந்தே, வீட்டுச் சொந்தக்காரர் யாருக்கும் தெரியாமல் நடுவில் படிகளைச் சொருகிக்கொண்டே போகிறாரோ என்று கண்டக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிறகு ஒரு நாள் கீழே இறங்குவதை நிறுத்தினார். ஏழு மாதம் தரையை மிதிக்கவில்லை. கீழேயிருந்து பழைய டிரைவர்கள் கூப்பிட்டால், பால்கனி நாற்காலியில் இருந்தபடி, "கொஞ்சம் வேலையா இருக்கேம்ப்பா" என்று கையசைப்பார். என்ன வேலை என்று கேட்டால், கீழே பின்பக்கமாக வரும் வண்டிகளுக்கு மேலேயிருந்து 'வா, வா, நிறுத்து' என்று சைகை காட்டுவதுதான்.

இந்த நிலையில்தான் அரசு ஆஸ்பத்திரியில் நுரையீரல் நோயாளிகளுக்கான பயிற்சி வகுப்பு அவருக்குக் கிடைத்தது. காப்பீட்டு அட்டை இருந்தால் பதினாறு வகுப்பு இலவசம். உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த பின்கட்டு அறை ஒன்றைக் கழுவி விட்டிருந்தார்கள். அதற்கு வெளியே முப்பது மீட்டர் நீளத்தில் வராந்தா. வராந்தாவின் இரு முனையிலும் ஒவ்வொரு நாற்காலி. இரண்டுக்கும் நடுவே நடக்க வேண்டும். மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்களைத் தூக்க வேண்டும். எங்கும் போகாத சைக்கிள் ஒன்றை மிதிக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், உதட்டைக் குவித்து மெல்ல ஊத வேண்டும். "விளக்கு அணையக் கூடாது, சுடர் மட்டும் ஆடணும். அந்த மாதிரி" என்பாள் பயிற்சி கொடுக்கும் டீச்சர். குரலைக் கேட்டால் பள்ளிக்கூட டிரில் வகுப்பு ஞாபகம் வரும். அறுபது, எழுபது வயதுக்காரர்கள் எல்லாம் அவளைக் கண்டால் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள்.

அதுவரை வகுப்புக்கு மட்டும் மனைவியின் தோளைப் பிடித்து இறங்கி வந்த கண்டக்டர், பதினான்காவது வகுப்பு முடிந்த வாரம், யார் துணையுமில்லாமல் முப்பத்தெட்டுப் படியும் இறங்கி, தெருமுனைக் கடையில் தானே பேப்பர் வாங்கி, நான்கு இடத்தில் நின்று நின்று மேலே வந்து சேர்ந்தார். அந்தப் பேப்பரில் என்ன போட்டிருந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. வாங்கி வந்ததே போதும் என்று மடித்தபடியே அலமாரியில் வைத்துவிட்டார்.

பதினாறும் முடிந்தன. மேலும் பதினாறு வேண்டுமென்றால் காப்பீட்டு அலுவலகம் அனுமதிக்க வேண்டும். டீச்சர் எல்லாரையும் உட்கார வைத்து விளக்கினாள்.

"நல்லாக் கேட்டுக்குங்க. இந்த நோய் முழுசாக் குணமாகாது. பயிற்சி செஞ்சா தெம்பு இருக்கும், விட்டா இறங்கிடும். ஆனா அவங்க படிவத்துல ரெண்டே கட்டம்தான். முன்னேற்றம் இருக்குன்னா, 'சரியாயிடுச்சு, நிறுத்து'ன்னு ஒண்ணு. முன்னேற்றம் இல்லைன்னா, 'பலனில்லை, நிறுத்து'ன்னு இன்னொண்ணு."

"அப்போ யாருக்குத்தாம்மா குடுப்பாங்க?" என்றாள் மில்லக்கா. இருபத்தாறு வருடம் பஞ்சு மில்லில் வேலை பார்த்தவள். வகுப்பில் எல்லாருக்கும் மூத்தவள்.

"ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறவங்களுக்கு."

"நடுவுல எப்பவும் காலியாத்தான் இருக்கும்" என்றார் கண்டக்டர்.

டீச்சர் சிரிக்கவில்லை. "சார், உங்களுக்குத்தான் முக்கியமாச் சொல்றேன். அலுவலகத்துல இருந்து ஒருத்தங்க போன் பண்ணுவாங்க. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. கூட்டியும் வேண்டாம், குறைச்சும் வேண்டாம். இன்னொண்ணு, அனுமதி கிடைச்சவங்க ஆறு பேராவது இருந்தாத்தான் வகுப்பு நடக்கும். நீங்க சரியா ஆறு பேர்தான் இருக்கீங்க. ஒருத்தர் விழுந்தாலும் அஞ்சு பேருக்கும் கிடையாது."

"கவலையே படாதீங்க டீச்சர்" என்றார் கண்டக்டர்.

அவர் அப்படிச் சொன்ன வண்டிகள் எத்தனையோ நடுவழியில் நின்றிருக்கின்றன.

போன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தது. மனைவி மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போயிருந்தாள். கண்டக்டர் குளித்துவிட்டு, குளியலறையிலிருந்து பதினோரு அடி நடந்து வந்து, ஃப்ரிட்ஜின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பேசுவதற்கு நாலு வார்த்தைக்குத்தான் காற்று இருந்தது. எதிர்முனையில் பெண் அதிகாரி ஒருவர். மரியாதையான, அன்பான குரல்.

"ஐயா, காப்பீட்டு அலுவலகத்துல இருந்து பேசறேன். எப்படி இருக்கீங்க?"

இப்படிக் கேட்டால் வாய் சும்மா இருக்குமா? மூளைக்குச் சேதி போவதற்குள் நாக்கு டிக்கெட்டைக் கிழித்துவிட்டது.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்ம்மா!"

"ரொம்ப சந்தோஷம் ஐயா. நடக்கறதுல சிரமம் ஏதாவது?"

"எவ்வளவு தூரம்... நடக்கணும் சொல்லுங்க."

"மாடிப்படி?"

"தாராளமா."

"ஏறும்போது மூச்சு வாங்குதா?"

கண்டக்டர் போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு நான்கு முறை உதட்டைக் குவித்து ஊதினார். பிறகு, "லைன் சரியில்லம்மா" என்றார். "மூச்சா? எல்லாருக்கும் வாங்குற அளவுதான்."

"பயிற்சி வகுப்பு இன்னும் தேவைப்படுதா ஐயா?"

இங்கேயாவது சுதாரித்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் இவ்வளவு அன்பாகக் கேட்கும்போது, பிச்சை கேட்பது போல் 'ஆமாம், வேணும்' என்று எப்படிச் சொல்வது? "குடுத்தா போவேன். குடுக்கலைன்னாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது" என்று பெருந்தன்மையாகச் சொல்லி வைத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நுணல்கூட மழைக்காலத்தில்தான் கத்துமாம். இவர் நல்ல வெயிலில் கத்திவிட்டார்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூடத்தில் நின்றபடி சத்தமாகப் படித்தாள்.

"'பயனாளியிடம் தொலைபேசியில் விசாரித்ததில், தாம் ஃபர்ஸ்ட் கிளாஸாக இருப்பதாகவும், எவ்வளவு தூரமும் நடக்க இயலுமென்றும், மாடிப்படிகளைத் தாராளமாக ஏறுவதாகவும், பயிற்சி அளிக்காவிடினும் குறையொன்றுமில்லை என்றும் தாமாகவே முன்வந்து தெரிவித்துள்ளபடியால்...'" கண்ணாடியைக் கழற்றினாள். "என்னங்க, இது யாரு? எனக்கு இவரைக் கட்டி வச்சிருக்கலாமே!"

"இந்தா, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்..."

"எந்தப் பேச்சுக்கு? நேத்து சாயந்திரம் சட்டையை மாட்டிவிடச் சொல்லி என்னைக் கூப்பிட்டது யாரு? எவ்வளவு தூரமும் நடப்பாராம்! அடுப்படிக்கு வந்து ஒரு தம்ளர் தண்ணி எடுத்துக் குடிங்க பார்ப்போம். இங்கயிருந்து ஒன்பது அடி."

கண்டக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைப்பவன்கூட, சோறு போடுகிறவளிடம் அதை மறைக்க முடியாது.

விஷயம் வீட்டோடு நிற்கவில்லை. மற்ற ஐந்து பேருக்கும் அனுமதி வந்திருந்தது. ஆறாவது ஆள் இல்லாததால் வகுப்பு நின்றது. அறையைப் பூட்டி, அதன் வாசலில் இரண்டு உடைந்த கட்டில்களை மறுபடியும் கொண்டு வந்து போட்டுவிட்டார்கள். மில்லக்கா போன் செய்தாள். அவளுக்கும் மூச்சு நாலு வார்த்தைக்குத்தான். ஆனால் அந்த நாலு வார்த்தையும் கல்லில் தீட்டியவை.

"ஏன் கண்டக்டரே... அஞ்சு பேர... நடுரோட்டுல இறக்கிவிட்டு... விசில் ஊதிட்டீங்களே?"

கண்டக்டர் போனை வைத்துவிட்டு டீச்சரின் நம்பரைத் தேடினார்.

டீச்சர்தான் வழி சொன்னாள். மேல்முறையீடு செய்யலாம். மனைவி மனு எழுதினாள். தேதி, அட்டை எண், பொருள், பார்வை எல்லாம் போட்டு, ஒன்றரைப் பக்கம். விசாரணைக்கு நேரில் வரச் சொல்லிப் பதில் வந்தது. இதற்குள் வகுப்பு நின்று இருபத்திரண்டு நாளாகிவிட்டது. டீச்சர் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. நான்கு இடத்தில் நின்று ஏறிய படிகளில் ஏழு இடம், பிறகு ஒன்பது இடம். அப்புறம் அவர் பேப்பர் வாங்கப் போவதை நிறுத்திவிட்டு, "பேப்பர்ல இப்பல்லாம் ஒண்ணும் இருக்கறதில்ல" என்றார்.

விசாரணை நாளன்று மனைவியோடு ஆட்டோவில் போய் இறங்கினால், காப்பீட்டு அலுவலக வாசலில் மில்லக்காவும் பேக்கரிக்காரரும் நின்றிருந்தார்கள். பேக்கரிக்காரர் நாற்பது வருடம் அடுப்பு வாயில் நின்று மாவுத்தூளைச் சுவாசித்தவர். வகுப்பில் அதிகம் பேசாதவர்.

"நீங்க எதுக்குக்கா இவ்வளவு தூரம்?" என்றார் கண்டக்டர்.

"காவலுக்கு" என்றாள் மில்லக்கா. "உள்ள போய் மறுபடியும் 'தாராளமா'ன்னு ஆரம்பிச்சீங்க, இடுப்புலயே கிள்ளுவேன். உங்க வீட்டுக்காரம்மாகிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கிட்டேன்."

"நல்லாக் கிள்ளுங்கக்கா" என்றாள் மனைவி.

அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'பழுது' என்று எழுதி, எந்தத் தேதி முதல் என்ற இடத்தில் எழுதியிருந்தது வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. நுரையீரல் நோயாளிகள் மேல்முறையீட்டுக்கு வரும் இடம்! நால்வரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

காவலாளி ஸ்டூலில் இருந்தபடி சொன்னார்: "பதினொரு மணிக்குக் கூப்பிடுவாங்க. ஆள் எதிர்ல நிக்கலைன்னா 'வரவில்லை'ன்னு எழுதி ஃபைலைக் கட்டிடுவாங்க."

மனைவி மணி பார்த்தாள். பத்து பத்து. "ஏறினா, 'மூணு மாடி ஏறிட்டாரே, இவருக்கு என்ன'ன்னு கேப்பாங்க. ஏறலைன்னா வரவே இல்லைம்பாங்க. இது என்ன கூத்துங்க?"

"ஏறுவோம்" என்றார் கண்டக்டர். "ஏறிட்டுக் கீழ விழுந்தாக்கூட வந்ததாத்தானே கணக்கு."

வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே ஏறினார்கள். மூக்கால் இழுத்து நிற்பது, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே இரண்டு படி ஏறுவது, மறுபடி நிற்பது. முன்னால் கண்டக்டர், அடுத்து மில்லக்கா, கடைசியில் பேக்கரிக்காரர். மனைவி மூன்று பேரின் மருந்துப் பைகளையும் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில். கண்டக்டரின் கை தானாகவே கைப்பிடிக் கம்பியைத் தட்டியது. இரண்டு தட்டு தட்டினால் புறப்படலாம். ஒரு தட்டு என்றால் நிறுத்தம். பழைய வண்டியில் அப்படித்தான். மூன்று வண்டிகளும் ஒழுங்காகக் கட்டுப்பட்டன.

முதல் மாடி தாண்டுவதற்குள் பின்னால் நீண்ட வரிசை சேர்ந்துவிட்டது. ஃபைல்களைச் சுமந்த ஊழியர், தபால்காரர், ஆளுக்கொரு குடையோடு ஒரு குடும்பம். மாடிப்படியோ இரண்டு பேர் அகலம்தான்.

"கொஞ்சம் வழி விடுங்க பெரியவரே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"முன்னாடி... வண்டி நிக்குது" என்றார் பேக்கரிக்காரர். அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம்.

இரண்டாவது மாடியும் ஆயிற்று. மூன்றாவதுக்கு நடுவில் ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்தின் சதுர மேடைக்கு வந்தபோது கண்டக்டரின் கை கம்பியை ஒரு தட்டு தட்டியது. அப்புறம் இரண்டு தட்டு வரவே இல்லை. அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். முகத்தில் வேர்வை. உதடு நீலம் பாரித்திருந்தது. இன்னும் பத்துப் படி பாக்கி. மேலே யாரோ அவருடைய அட்டை எண்ணை உரக்கப் படித்தார்கள்.

மனைவி பைகளை மில்லக்காவின் கையில் திணித்துவிட்டு, பத்துப் படியையும் ஒரே ஓட்டமாக ஏறினாள்.

மேலே அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் போனில் பேசிய அதே பெண் அதிகாரி. இன்னொருவர் காப்பீட்டுக் குழுவின் டாக்டர், வழுக்கைத் தலை, சட்டைப் பையில் மூன்று பேனா.

"வந்துட்டாருங்க! இங்கதான், படியில இருக்காரு!"

"உள்ள வரச் சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

"அதுக்குத்தாங்க மூச்சு இல்ல. இருந்தா நாங்க ஏன் இங்க வரப் போறோம்?"

அதிகாரி விதிப்புத்தகத்தைப் பார்த்தார். 'நேரில்' என்றுதான் போட்டிருந்தது. எந்த மட்டத்தில் என்று போடவில்லை. டாக்டர் அதற்குள் எழுந்து படியிறங்கிவிட்டார். வேறு வழியில்லாமல் அதிகாரியும் ஃபைலோடு இறங்கினார்.

அப்படியாகத்தான் அந்த விசாரணை மாடிப்படித் திருப்பத்தில் நடந்தது. கண்டக்டர் சுவரில் சாய்ந்து தரையில். டாக்டர் ஒரு படி மேலே உட்கார்ந்து அவருடைய விரலில் கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி அதற்கு மேற்படியில் ஃபைலை முழங்காலில் விரித்துக்கொண்டு. கீழ்ப்படிகளில் தபால்காரர் முதலாக இருபது பேர் சாட்சி.

டாக்டர் கிளிப்பின் எண்ணைப் பார்த்தார். அதிகாரிதான் ஆரம்பித்தார். அதே மரியாதையான குரல்.

"ஐயா, போன்ல நான் கேட்டப்ப ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொன்னீங்களே. நான் அதைத்தானே எழுத முடியும்? இப்ப சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?"

மில்லக்காவின் கை கண்டக்டரின் இடுப்புக்குப் பக்கத்தில் தயாராக வந்து நின்றது. அந்தப் பாழாய்ப்போன சொல் வயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சுக்கு வந்து தொண்டையில் ஏறி நின்றது. கண்டக்டர் வாயைத் திறந்தார். "ஃபர்..." என்று காற்று வந்தது. உதட்டைக் குவித்தார். ஊதினார். எதிரே படியெல்லாம் நிற்கிற முகங்களைப் பார்த்தார். எல்லாம் பயணிகள் முகம். இதே போலத்தான், வண்டி எப்போது கிளம்பும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"வண்டி போகாதும்மா" என்றார்.

"என்ன ஐயா?"

"முடியல" என்றார். முப்பத்தோரு வருடமும் ஒன்பது வருடமும் சேர்ந்து நாற்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து விழுந்த முதல் கெட்ட செய்தி. அது விழுந்ததும் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, நாலு நாலு வார்த்தையாக.

"நின்னு குளிக்க முடியாது... வாளியைக் கவுத்துப் போட்டு... அது மேல உக்காந்துதான்... குளிக்கிறேன்."

அதிகாரி எழுதினார்.

"முதுகுக்கு சோப்பு... இவ போட்டுவிடணும்."

"உம்."

"கூடத்துல காலண்டர்... பார்த்துட்டே நிப்பேன்... தேதி பார்க்கல... மூச்சு வாங்க நிக்கிறேன்... இவளுக்குத் தெரியாது."

"தெரியாமலா போன மாசம் காலண்டர் பக்கத்துல ஸ்டூல் வாங்கிப் போட்டேன்?" என்றாள் மனைவி.

கண்டக்டர் அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். "அது... பூச்சாடி வைக்கன்னு சொன்னியே?"

"நீங்க சொன்னா நான் நம்பலையா? நான் சொன்னா நீங்க நம்பணும்."

"ஐயா, நிறுத்தாதீங்க" என்றார் அதிகாரி. "நீங்க சொல்ற வேகம் எழுதறதுக்கு ரொம்ப வசதியா இருக்கு."

கண்டக்டர் நிறுத்தவில்லை. ஏழு மாதம் கீழே இறங்காததையும், வேலையாக இருப்பதாகக் கதைவிட்டதையும், வகுப்புக்குப் போன பிறகு பேப்பர் வாங்கப் போனதையும், வகுப்பு நின்ற இருபத்திரண்டு நாளில் அது மறுபடி போனதையும் சொன்னார். "குடுக்கலைன்னா... குறையொண்ணுமில்லன்னேன். பொய். குடுக்கலைன்னா... மறுபடி பால்கனிதான். என்னால... இவங்க அஞ்சு பேரும்... அவங்கவங்க பால்கனியில." பிறகு யோசித்துச் சேர்த்தார்: "பேக்கரிக்காரருக்கு... பால்கனியும் கிடையாது."

பேக்கரிக்காரர் தலையை ஆட்டினார்.

அதிகாரி படிவத்தை எடுத்துப் பேனாவோடு திகைத்து நின்றார். "டாக்டர், எந்தக் கட்டத்துல டிக் போடறது? வகுப்புக்குப் போனப்ப முன்னேற்றம் இருந்திருக்கு. அப்படின்னா நிறுத்தணும். இப்ப முன்னேற்றம் இல்ல. அப்படின்னாலும் நிறுத்தணும்."

"அதாவது, குடை பிடிச்சா நனையல, அதனால குடை தேவையில்ல. குடை பிடிக்கலைன்னா நனையறார், அதனால குடையால பிரயோஜனமில்ல. அப்படித்தானேம்மா?" என்றார் டாக்டர்.

கீழ்ப்படியில் குடைக்காரக் குடும்பம் சிரித்தது. அதிகாரிக்கு முகம் சிவந்தது. "படிவத்தை நான் அச்சடிக்கல சார்."

"கீழ 'பிற காரணங்கள்'னு ஒரு கோடு இருக்கு பாருங்க."

"இருக்கு. அதை யாரும் நிரப்பினதே இல்லையே."

"நான் நிரப்பறேன். 'பயிற்சி நின்றால் நிலை இறங்குகிறது. எனவே பயிற்சி நிற்கக் கூடாது. ஆதாரம்: பயனாளியின் வாக்குமூலம், இணைப்பில்.'" மூன்று பேனாவில் எழுதும் பேனா எது என்று தேடிக் கண்டுபிடித்து, பேக்கரிக்காரரின் முதுகில் காகிதத்தை வைத்து டாக்டர் கையெழுத்துப் போட்டார். "இந்தக் கோட்டை இனிமே அடிக்கடி நிரப்பலாம்மா. இதே மாதிரி நாலு ஃபைல் கட்டி வச்சிருக்கோம், மேஜையில."

அதிகாரி சீல் எடுத்து வர மேலே ஓடினார். அவர் திரும்பி வரும் வரை இருபது பேரும் பொறுமையாக நின்றார்கள். சீல் விழுந்த சத்தம் கேட்டதும் தபால்காரர் மட்டும் கை தட்டினார். அவசரத்தில் இருந்தவர் அவர்தான்.

அனுமதி ஆணை ஐந்தாம் நாள் வந்தது. மனைவி வழக்கம் போல் கூடத்தில் நின்று படிக்க ஆரம்பித்தாள். கண்டக்டரின் முகம் வரிக்கு வரி மாறியது. பதினாறு வகுப்புக்கு அனுமதி. நல்லது. ஆனால் அதிகாரி முறைப்படி வேலை செய்கிறவர். வாக்குமூலத்தை ஒரு எழுத்து விடாமல் தட்டச்சு செய்து இணைத்திருந்தார்.

"'...பயனாளி, நின்று குளிக்க இயலாமையால் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்து குளிப்பவர் என்பதும், முதுகுக்குச் சோப்பு இடும் பணியை அவருடைய மனைவி மேற்கொள்கிறார் என்பதும்...'"

"போதும், போதும்."

"இருங்க, கடைசியில ஒண்ணு இருக்கு. 'நகல்: மாவட்டக் காப்பீட்டு அலுவலர். நகல்: ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர். நகல்: பயிற்சிப் பிரிவு, அறிவிப்புப் பலகைக்காக.'"

"அறிவிப்புப் பலகைக்கா!" கண்டக்டர் நாற்காலியில் சரிந்தார். "நான் இனிமே அங்க எப்படிடி போவேன்?"

"ஆட்டோவுலதான்" என்றாள் மனைவி.

திங்கட்கிழமை அவர் போனபோது உடைந்த கட்டில்கள் வாசலை விட்டுப் போயிருந்தன. பலகையில் ஆணை குத்தியிருந்தது. மில்லக்கா அதன் எதிரே நின்று, விரலை வரி வரியாக ஓட்டி முழுவதையும் படித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து கால் விரல்களைப் பார்த்தார். கிண்டல் வரும், தாங்கிக்கொள்வோம் என்று தயாரானார்.

மில்லக்கா படித்து முடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "வாளி வழுக்காதா?" என்று கேட்டாள்.

"அடியில... துணி போட்டுக்குவேன்."

"அது தோணலையே எனக்கு. நான் மருமக வாங்கிக் குடுத்த பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்கார்றேன். ரெண்டு தடவை சறுக்கிவிட்டுடுச்சு."

பேக்கரிக்காரர் சைக்கிளில் இருந்தபடி, யாரும் கேட்காமலே, "நான் தரையிலதான்" என்றார். "எழுந்திரிக்கத்தான் ஆள் வேணும். மகன் வேலையிலேர்ந்து வர்ற வரைக்கும் சில நாள் அப்படியே உக்காந்திருப்பேன்."

மற்ற மூன்று பேரும் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் செருப்பு மாட்டுவதற்கு நீளக் கரண்டி வைத்திருக்கிறாராம். இன்னொருவர் போன் பேசும்போது மூச்சு வாங்கினால் லைன் சரியில்லை என்று சொல்லிவிடுவாராம். கண்டக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்றாமவர் வீட்டில் பெருக்குகிற வேலை அவருடையது. அறைக்கு ஒரு நாற்காலி போட்டுவைத்து, உட்கார்ந்து உட்கார்ந்து பெருக்குவாராம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் மூச்சு வாங்க நிறுத்தினார்கள், மறுபடி பேசினார்கள்.

உள்ளேயிருந்து டீச்சர் வந்தாள். இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"பேச்சுக்குத் தனியா அனுமதி வாங்கியிருக்கீங்களா? இருபத்தெட்டு நாள் வீணாப் போயிருக்கு. எழுந்திருங்க. எங்க, ஆறு பேரும் இருக்கீங்களா?"

"இருக்கோம் டீச்சர்" என்றார் கண்டக்டர். நாற்காலியின் கையை ஊன்றி, உதட்டைக் குவித்து ஊதியபடியே, அவர்தான் முதலில் எழுந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியாக மில்லக்கா. அவள் எழுந்து நிலைகொள்ளும் வரை ஐந்து பேரும் காத்திருந்தார்கள். பிறகு எல்லாரும் எதிர்முனை நாற்காலியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.